உடன்கட்டைச் சட்டமும் ‘விருப்பம்’ என்னும் சொல்லும்

1829 டிசம்பர் 4 அன்று கல்கத்தாவில் பெண்டிங் பிரபு பிறப்பித்த வங்காள ஒழுங்குமுறைச் சட்டம் 17, உடன்கட்டை ஏற்றுவதைக் குற்றமாக்கியது. பாடநூல்கள் இதனைப் பெண்டிங், ராஜா ராம்மோகன் ராய் ஆகிய இருவரின் வெற்றியாகக் கூறி முடித்துவிடுகின்றன. ஆனால் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, இதே வழக்கம் குறித்து இதே நகரிலிருந்து வேறோர் ஆணை வெளிவந்திருந்தது. இரண்டையும் பிரிப்பது ஒரு சொல்: விருப்பம்.

1813ஆம் ஆண்டின் ஆணை, நிஜாமத் அதாலத் என்னும் உயர் குற்றவியல் நீதிமன்றத்தின் பண்டிதர் அளித்த சாத்திர விளக்கத்தை அடியொற்றியது. கைம்பெண் பதினாறு வயதுக்குட்பட்டவள், கருவுற்றவள், மயக்கமருந்து ஊட்டப்பட்டவள், வற்புறுத்தப்பட்டவள் எனில் தடுக்கலாம். தானே விரும்பி ஏறினால் தடுக்கலாகாது. இதன்படி, தடுக்கச் சென்ற காவல் அலுவலரே விருப்பத்துக்குச் சாட்சியாகவும் நின்றார். அவர் இருப்பு அரசின் இசைவாகப் பொருள்கொள்ளப்பட்டது. அரசு தொகுத்த கணக்கில், வங்காள மாகாணத்தில் 1815இல் 378 பேர், 1818இல் 839 பேர். இவ்வுயர்வில் அன்றைய காலரா கொள்ளைநோய்க்கும் பங்குண்டு. எனினும் ஆணை வழக்கத்தைக் குறைக்கவில்லை என்பது தெளிவு.

அந்த விருப்பம் எத்தகைய சூழலில் கேட்கப்பட்டது? கைம்பெண்ணைக் கணவனின் உடலோடு கயிற்றால் பிணைத்து, மேலே விறகடுக்கி, மூங்கிலால் அழுத்திப் பிடிக்கும் நடைமுறையை ராம்மோகன் 1818இல் எழுதிய வங்காளி உரையாடல் நூல் அம்பலப்படுத்தியது. வங்காளத்தில் வழங்கிய தாயபாக முறையையும் இங்கே கருதவேண்டும். கூட்டுக்குடும்பத்திலும், மகனில்லாத கைம்பெண்ணுக்குக் கணவனின் பங்கில் வாழ்நாள் உரிமையை அது அளித்தது. அவள் இறப்பால் பயனடையும் உறவினரே அவள் விருப்பத்தை எடுத்துரைப்போராகவும் இருந்தனர்.

1829ஆம் ஆண்டின் சட்டம் இக்கேள்வியையே விலக்கியது. பெண் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், உடந்தையானோர் மரணம் விளைவித்த குற்றவாளிகளே. அவளே வேண்டினாள் என்பது எதிர்வாதமாகாது. இதனை எதிர்த்துக் கல்கத்தாவின் தர்ம சபை செய்த முறையீட்டை, 1832இல் லண்டன் பிரிவி கவுன்சில் தள்ளுபடி செய்தது.

எனினும் உயிர் காக்கப்பட்டவளின் வாழ்வுக்கு இச்சட்டத்தில் இடமில்லை. ஈசுவரசந்திர வித்யாசாகரின் முயற்சியால் 1856இல் வந்த விதவை மறுமணச் சட்டம் மறுமணத்தைச் செல்லுபடியாக்கியது. அதேவேளை, மறுமணம் செய்தவள் அப்பொழுதே இறந்துவிட்டதாகக் கொண்டு முதல் கணவனின் சொத்தில் அவளுக்கிருந்த உரிமையைப் பறித்தது. சிதையிலிருந்து மீண்டவளைச் சொத்துப் பதிவேட்டில் இறந்தவளாக்கியது சட்டத்தின் மொழி.

1987இல் ராஜஸ்தானின் தேவராலாவில் ரூப் கன்வர் எரிந்தபோதும், அவர் விரும்பினாரா என்றே பலர் வினவினர். அதன்பின் இயற்றப்பட்ட சதி தடுப்புச் சட்டம், வழக்கத்தைப் போற்றுவதைக் குற்றமாக்கியது. முயலும் பெண்ணுக்கும் ஓராண்டு வரை சிறை விதிக்க வழிவகுத்தது. 1813ஆம் ஆண்டின் சொல் வேறு வடிவில் திரும்பியதாகவே இதைக் காண்கிறேன்: அன்று அவள் விருப்பம் பிறருக்குக் கேடயம், இன்று அவளுக்கே குற்றச்சாட்டு.

மரபின் பெயரால் நிகழும் சுரண்டலைத் தடுக்கும் எந்தச் சட்டத்தையும் படிக்கும் மாணவர்கள் மூன்று வினாக்களை எழுப்பலாம்: இசைவை யார் அறிவிக்கிறார்? அதனால் பயன்பெறுபவர் யார்? வழக்கம் ஒழிந்தபின் அப்பெண் எதைக்கொண்டு வாழ்வாள்? 1829ஆம் ஆண்டின் சட்டம் முதல் இரண்டுக்கும் விடை கண்டது. மூன்றாவதை விட்டுச்சென்றது.