வானொலி கேட்ட சேரி: அறுபதுகளின் பாடல்களும் தாம்பரம் வட்டாரமும்



நினைவுச் சொற்பொழிவு மேடையில் பழைய திரைப்பாட்டைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நிலம், கூலி, கல்வி, வன்கொடுமை என்று பேச எவ்வளவோ இருக்கும்போது பாட்டு எதற்கு என்றும் கேட்கலாம். நம் மக்கள் உழைத்த வரலாற்றையும் அடிபட்ட வரலாற்றையும் ஓரளவு எழுதிவிட்டோம். அவர்கள் கேட்ட வரலாற்றை, அதாவது காதால் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டதன் வரலாற்றை, இன்னும் எழுதவில்லை. அதற்கான ஒரு தொடக்கமாகவே இந்த உரையை அமைத்துக்கொள்கிறோம். காலம், அறுபதுகளின் பிற்பகுதி. இடம், கிண்டியிலிருந்து தாம்பரம் வரையுள்ள நம் வட்டாரம்.

இந்தக் காலத்தைத் தமிழ்த் திரையிசையின் பொற்காலம் என்பார்கள். இசையமைப்பாளர்களைப் பற்றியும் கவிஞர்களைப் பற்றியும் நிறைய நூல்கள் வந்திருக்கின்றன. அவற்றில் கேட்பவர் என்று ஒருவர் வந்தால் அவருக்கு ஒரு வீடு இருக்கும், வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய ரேடியோ இருக்கும். சேரியில் இருந்தவர் எதில் கேட்டார், யாருடைய ரேடியோவில் கேட்டார், கேட்ட பாட்டை என்ன செய்தார்? இந்த மூன்று கேள்விகளும் அந்த நூல்களில் இல்லை.

முதலில் வட்டாரத்தைப் பார்ப்போம். 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியது. பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று தண்டவாளத்தை ஒட்டிப் புறநகர் வளர்ந்தது. 1937இல் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. காசநோய் மருத்துவமனையும் விமானப்படைத் தளமும் இங்கேதான். 1958இல் கிண்டியில் தொழிற்பேட்டை திறக்கப்பட்டது. குரோம்பேட்டை என்ற பெயரே 1912இல் சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தோலைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன சமூகம், தோல் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய ஊரில் மனை வாங்கி வீடு கட்டியது. தோல் பதனிட்டவர்களும் பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளில் கல் உடைத்தவர்களும் ஊருக்கு வெளியே சேரிகளில் இருந்தார்கள். அன்று இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி செங்கற்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் விளைவாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி கருவிக்கு வருவோம். அன்று ரேடியோ வைத்திருக்க உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் கட்டிப் புத்தகத்தில் பதிய வேண்டும். வால்வு ரேடியோவுக்கு மின்சாரம் வேண்டும், கூரைமேல் ஏரியல் கட்ட வேண்டும். மின்கம்பம் ஊர்த்தெருவோடு நின்றுவிட்ட இடங்களில் இருந்தவர்களுக்கு ரேடியோ என்றால் டீக்கடை ரேடியோதான், பூங்கா ஒலிபெருக்கிதான், கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கிதான். பேட்டரிக்கட்டையில் பாடும் டிரான்சிஸ்டர் பரவிய பிறகே மின்சாரம் இல்லாத குடிசைக்குள்ளும் பாட்டு நுழைந்தது.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதன் இடத்தைச் சுருக்கினார். சாஸ்திரிய சங்கீதத்தைக் கொண்டு மக்களைத் திருத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். மக்கள் திருந்தவில்லை, முள்ளைத் திருப்பினார்கள். கொழும்பிலிருந்து இலங்கை வானொலி பாடியது. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் தமிழக வீடுகளுக்குப் பழக்கமானது. கேட்பவர்கள் கடல் கடந்து போவதைக் கண்டு 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கப்பட்டது. 1967 நவம்பர் 1 அன்று அதன் விளம்பர ஒலிபரப்பு பம்பாய்ப் பகுதியில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளுக்குள் சென்னைக்கும் திருச்சிக்கும் வந்தது. நம் நாட்டு வானொலி மக்கள் கேட்ட பாட்டை முழு மனத்தோடு ஏற்றுக்கொள்ள ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆயின.

அந்த ஆண்டுகளின் பாடல்களுக்குக் குறைவில்லை. 1966இல் 'அன்பே வா', 1967இல் 'விவசாயி', 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்', 'எதிர்நீச்சல்', 'பணமா பாசமா'. 1968ஆம் ஆண்டின் 'உயர்ந்த மனிதன்' படத்துக்காகப் பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருது பி. சுசீலாவுக்குக் கிடைத்தது. 1969இல் 'அடிமைப்பெண்', 'சாந்தி நிலையம்' படங்களின் வழியே எஸ். பி. பாலசுப்ரமணியத்தின் இளங்குரல் அறிமுகமாயிற்று. டி. எம். சௌந்தரராஜனின் குரல் எங்கும் இருந்தது.

இப்போது டீக்கடைக்கு வாருங்கள். தமிழகத்தின் பல ஊர்களில் நம்மவர்களுக்குத் தனிக் குவளை. பெஞ்சில் உட்கார முடியாது. குடித்த குவளையை நாமே கழுவி வைக்க வேண்டும். ஆனால் அதே கடையின் ரேடியோவில் வரும் பாட்டைத் தனியாகப் பிரித்து ஊற்ற முடியவில்லை. பெஞ்சில் இருந்தவருக்கும் வெளியே நின்றவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே குரல் கேட்டது. இரட்டைக் குவளையால் தடுக்க முடியாமல் போனவை சில உண்டு என்றால் அவற்றில் ஒன்று இந்த ஒலி. நேயர் விருப்பத்தையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். பாட்டுக்கு முன் பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் சேரியும் இல்லை, அக்கிரகாரமும் இல்லை. பெயர், ஊர், அவ்வளவுதான். தெருவில் 'டேய்' என்று அழைக்கப்பட்டவர், கடிதம் எழுதப் படித்திருந்தால், தன் பெயரை மரியாதையோடு காற்றில் கேட்க முடிந்தது. முதல் தலைமுறை எழுத்தறிவுக்கும் வானொலிக்கும் உள்ள இந்த உறவை யாராவது ஆய்வு செய்ய வேண்டும்.

இதனால் வானொலி சாதியைக் கரைத்துவிட்டது என்று முடிவுகட்டினால் பாதி வரலாறுதான் சொன்னவர்களாவோம். ஒலி சேரிக்குள் வந்தது, சேரியின் ஒலி வெளியே போகவில்லை. நிலைய வாசலில் காவல் இருந்தது.

ஒரு சான்று, ஆர்மோனியம். 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. இந்திய இசையின் நுண்சுரங்கள் அதில் வராது, அது வெளிநாட்டுப் பெட்டி என்று காரணம் சொன்னார்கள். தடை 1971 வரை நீடித்தது. தெருக்கூத்துக்கும் இசை நாடகத்துக்கும் கட்சி மேடைக்கும் அதுதான் உயிர்க்கருவி. எம். எஸ். விசுவநாதன் மெட்டுப் போட்டதும் ஆர்மோனியத்தில்தான். ஆகவே, ஆர்மோனியத்தில் பிறந்த பாட்டு இசைத்தட்டாக நிலையத்துக்குள் போயிற்று, ஆர்மோனியக் கலைஞர் வெளியே நின்றார். இன்னொரு சான்று, மிருதங்கம். அந்தக் கருவி இல்லாமல் வானொலிக் கச்சேரி இல்லை. அதன் தோலைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, அதற்கு நாதம் தந்தவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். 2020இல் டி. எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதும்வரை அவர்கள் பெயர்களைச் சபாக்கள் தேடவில்லை. அதே தோலால் ஆன பறைக்கு என்ன இடம் இருந்தது என்பதை நாமே யோசித்துக்கொள்ளலாம். 'தில்லானா மோகனாம்பா'ளில் நாதஸ்வரமும் தவிலும் கலையின் சிகரமாக நின்றன. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு இன்றும் சிலிர்க்க வைக்கிறது. கரகாட்டக்காரிக்கு அதே படத்தில் கிடைத்தது பெரும்பாலும் சிரிப்புக்கான இடம்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர், நம் வட்டாரத்துக்காரர். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். கையில் காசு இல்லாவிட்டாலும் அச்சகத்தைப் பிடித்து இதழ் நடத்த முடிந்தது. வானொலி அப்படி இல்லை. ஒலிபரப்பு அன்று அரசின் தனியுரிமையாக இருந்தது. எந்தச் சேரியும் தனக்கென ஒரு நிலையம் வைத்திருக்க முடியவில்லை. எழுத்தில் நமக்கு ஒரு மரபு கிடைத்து ஒலிபரப்பில் கிடைக்காமல் போனதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

1967 தேர்தலில் எம்.ஜி.ஆர். நின்று வென்றது நம் பரங்கிமலைத் தொகுதியில். அந்த ஆண்டு ஜனவரி 12 அன்று சுடப்பட்டு, கழுத்துக் கட்டோடு மருத்துவமனையில் இருந்த நிலையிலேயே வென்றார். அவருக்காக டி.எம்.எஸ். பாடிய பாடல்கள் ஏழைக்கு ஒரு நாள் விடியும் என்று நம்பவைத்தன. நம் மக்கள் அவற்றை நம்பிக் கேட்டார்கள். அதை ஏமாளித்தனம் என்று சொல்வது நமக்கு உடன்பாடில்லை. தங்களை மனிதராக வைத்துப் பாடிய குரலுக்கு அவர்கள் செவிகொடுத்தார்கள். திரையில் அவர் படகோட்டியாக வந்தார், விவசாயியாக வந்தார். குரோம்பேட்டையில் தோல் பதனிட்டவருக்காகவோ பல்லாவரத்தில் கல் உடைத்தவருக்காகவோ எழுதப்பட்ட வெற்றிப்பாட்டு எதையும் நாம் கேட்டதில்லை.

தஞ்சையையும் இங்கே நினைக்க வேண்டும். அதே ஆண்டுகளில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லைப் பற்றி உழவர்களுக்கு ஓயாமல் சொல்லிவந்தது. அதனால் மக்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். மகசூல் கூடியது. கூடிய மகசூலில் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டவர்களின் ஊரான கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. விதைக்கு வானொலியில் இடம் இருந்தது. விதைத்தவரின் வாய்க்கு இடம் இருந்ததா? பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் 1968இன் பாடல் பட்டியலுக்குப் பக்கத்தில் இந்தத் தேதியையும் வைக்க வேண்டும்.

ஆனால் நம் மக்கள் கேட்டதோடு நிற்கவில்லை. மெட்டை எடுத்துக்கொண்டு சொல்லை மாற்றினார்கள். சாவு வீட்டில் இரவெல்லாம் பாடப்பட்ட சென்னைக் கானாவில் திரைமெட்டுகள் தாராளமாக வந்து சேர்ந்தன. அங்கே வானொலிக் காதல் மெட்டு செத்தவரின் வாழ்க்கைக் கதையாயிற்று. பிற்காலத்தில் மின்ரயில் பெட்டியின் பலகையைத் தட்டி மாணவர்கள் பாடியதும் இதே வழிதான். கட்சி மேடையிலும் இது நடந்தது. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடிய பாவலர் வரதராசன், மக்களுக்குத் தெரிந்த மெட்டில் அரசியலை வைத்துப் பாடினார். மராட்டியத்தில் வாமன்தாதா கர்டக் போன்ற பாடகர்கள் அம்பேத்கரை இப்படித்தான் ஊர் ஊராகப் பாடிக் கொண்டுபோனார்கள். ஒலிபரப்பு நிலையம் இல்லாதவர்கள் தங்கள் குரல்களையே நிலையமாக்கிக்கொண்டார்கள்.

இதைக் கொச்சை என்றார்கள். 'பணமா பாசமா'வில் தெருவில் பழம் விற்கும் பெண்ணுக்காக எல். ஆர். ஈஸ்வரி பாடிய பாட்டையும் கொச்சை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கூவி விற்பவளின் குரல் நம் தாய்மாரின் அன்றாடக் குரல். அது பாட்டாகும்போது யாருக்குக் கூசுகிறது என்று பார்த்தால், கொச்சை என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

பாவலரின் தம்பி, ஆர்மோனியப் பெட்டியோடு அண்ணனுடன் ஊர் சுற்றியவர், அறுபதுகளின் இறுதியில் சென்னைக்கு வந்தார். 1976இல் 'அன்னக்கிளி' வெளியானபோது, அதுவரை வாசலுக்கு வெளியே நின்ற பல ஒலிகள் இளையராஜாவின் மூலம் வானொலிக்குள் நுழைந்தன. 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியபோது கானாவும் பறையும் தம் சொந்தப் பெயரோடும் சொந்தச் சொல்லோடும் வந்தன. இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் முன்னால் டீக்கடை வாசலில் நின்று கேட்ட ஒரு தலைமுறை இருக்கிறது.

மாணவ நண்பர்களே, 1968இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் எந்தப் பாட்டு பிடிக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கே நின்று கேட்டீர்கள், யாருடைய ரேடியோ, உட்கார விட்டார்களா, உங்கள் வீட்டுக்கு மின்சாரம் எந்த ஆண்டு வந்தது, அந்த மெட்டில் நீங்கள் என்ன சொல்லைப் போட்டுப் பாடினீர்கள் என்று கேளுங்கள். அந்தச் சொற்களைப் பாடவைத்து உங்கள் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவரின் பெயர், சேரியின் பெயர், ஆண்டு ஆகியவற்றை உடனே எழுதிவையுங்கள். இசைத்தட்டுகளைப் பாதுகாக்க நிறுவனங்கள் உண்டு. சாவு வீட்டில் பாடப்பட்ட சொல்லைப் பாதுகாக்க நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை. ஒவ்வொரு முதியவர் போகும்போதும் ஒரு தொகுதிப் பாட்டு அவரோடு போகிறது. அடுத்த ஆண்டு இந்த மேடையில் நாம் கூடும்போது, நீங்கள் கொண்டுவரும் பதிவுகளைக் கேட்டபடி இந்த உரையைத் தொடர்வோம்.

ஜெய்பீம்.