மெரினாவில் இவ்வளவு மணல்... வடசென்னையில் மட்டும் ஏன் கல் சுவர்?

மெரினாவில் அலையில் கால் நனைக்கணும்னா ரோட்டிலிருந்து மணலில் நல்ல தூரம் நடக்கணும். அதே சென்னையில் துறைமுகம் தாண்டி திருவொற்றியூர் பக்கம் போனா, பல இடங்களில் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் பாறாங்கற்கள்தான். ஒரே ஊர், ஒரே கடல். ஏன் இப்படி?

கரை மணல் ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. அலை பெரும்பாலும் சாய்வாக வந்து கரையேறும். திரும்பும்போது சரிவில் நேராக இறங்கும். ஒவ்வொரு தடவையும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அது வடக்கே போகும், வடகிழக்குப் பருவமழை சமயத்தில் தெற்கே வரும். வடக்கே போகும் மாதங்கள்தான் அதிகம். அதனால் மொத்தக் கணக்கில் மணல் வடக்கு நோக்கியே பயணிக்கிறது.

1870களில் துறைமுகத்துக்காக இந்தப் பாதையின் குறுக்கே கடலுக்குள் கல் சுவர் எழுப்பத் தொடங்கினாங்க. 1881 புயல் அதை உடைத்தது, திரும்பவும் கட்டினாங்க. சுவரில் முட்டி நின்ற மணல் தெற்கே குவிந்துதான் மெரினா இவ்வளவு அகலமாச்சு. வடக்கே ராயபுரம் பக்கம் போக வேண்டிய மணல் போகவில்லை. அலை மட்டும் வழக்கம்போல வந்து, இருந்த மணலையும் எடுத்துட்டுப் போச்சு. மெரினாவுக்குக் கிடைத்தது, வடசென்னை மீனவர்கள் படகு ஏற்றி, வலை உலர்த்த வேண்டிய கரை.

கூவம் முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடி அடைபடுவதற்கும் இதே மணல் ஓட்டம் ஒரு காரணம். மழைக்காலம் தவிர, அதைத் தள்ளிவிடும் அளவுக்கு ஆற்றில் தண்ணீர் வேகம் இருக்காது.

சரி, 'தூண்டில் வளைவு' போட்டா தீருமா? கடலுக்குள் நீளும் இந்தக் கல் தடுப்பு, தன் தெற்குப் பக்கம் மணலைப் பிடித்து வைக்கும். அந்தக் கிராமம் தப்பிக்கும். ஆனா அடுத்த கிராமத்துக்கு மணல் குறையும், அங்கேயும் தூண்டில் வளைவு கேட்பாங்க. துறைமுகம் செய்ததையேதான் இது சின்ன அளவில் செய்கிறது.

புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் இதே கதைதான். துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு மணல் காணாமல் போய், கற்கள்தான் மிஞ்சின. பிறகு தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, அலையின் வேகத்தைக் குறைக்க ஆப்பு வடிவ இரும்பு அமைப்பைக் கடலுக்குள் இறக்கினாங்க. ஒரு பகுதியில் மணல் திரும்பச் சேர்ந்தது.

துறைமுகத்தில் தூர்வாரும் மணலை வடக்குக் கரையில் கொண்டுபோய்க் கொட்டுவது இன்னொரு வழி. ஆனா ஒரு தடவை கொட்டினா போதாது. அந்த மணலும் வடக்கே நகர்ந்துடும் என்பதால், தொடர்ந்து கொட்டிக்கிட்டே இருக்கணும்.