துருப்பு: ஒரு சீட்டாட்டப் பெயரின் வரலாறு

சீட்டாட்டத்தில் ஏனைய இனச் சீட்டுகளை வெட்டும் உரிமை பெற்ற இனத்தைத் துருப்பு என்கிறோம். இச்சொல் ஆட்டக்களத்தைக் கடந்து அரசியல் மேடைக்கும் செய்தித்தாளுக்கும் சென்றுவிட்டது. இறுதிவரை மறைத்து வைத்த வாய்ப்பை ஒருவன் வெளிப்படுத்தின், துருப்புச் சீட்டை இறக்கினான் என எழுதுகின்றனர். இங்ஙனம் நாள்தோறும் வழங்கும் சொல்லின் பிறப்புப் பற்றி மாணவரிடையே இருவகைக் கருத்துகள் உலவக் காண்கிறேன். படை என்னும் பொருளுடைய துருப்பே இது. படைபோல் இச்சீட்டும் பகையை வெல்லுதலின் அப்பெயர் பெற்றது என்பது ஒன்று. துரும்பு என்னும் தமிழ்ச்சொல்லே வலித்தல் விகாரம் பெற்றது. துரும்பனைய இரண்டு புள்ளிச் சீட்டும் அரசனை வீழ்த்துதலின் பொருளும் இயைந்தது என்பது மற்றொன்று. இரண்டும் கேட்டற்கினியவை, இரண்டும் பிழை. துருப்பு என்பது முதற்கண் ஒரு சீட்டின் பெயருமன்று. ஓர் ஆட்டத்தின் பெயர். அவ்வாட்டம் பிறந்த நாடு இத்தாலி.

பகைவரை வென்று மீளும் உரோமப் படைத்தலைவனுக்குத் தலைநகரில் எடுக்கப்பெற்ற வெற்றியுலாவை இலத்தீனில் திரியும்புசு என்றனர். கிரேக்கத்தில் தயோனைசசு கடவுளைப் போற்றும் பாடலுக்குரிய திரியம்போசு என்னும் சொல்லோடு அதனை அறிஞர் தொடர்புறுத்துவர். இத்தாலியத்தில் அது திரியோன்ஃபோ எனவும், பன்மையில் திரியோன்ஃபி எனவும் வழங்கிற்று. 14ஆம் நூற்றாண்டிற் பெத்திரார்க்கு என்னும் பெரும்புலவர் இப்பன்மைப் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஒரு தொடர்நிலைச் செய்யுள் இயற்றினார். காதலைக் கற்பும், கற்பைச் சாவும், சாவைப் புகழும், புகழைக் காலமும், காலத்தை என்றுமுள நிலையும் முறையே வென்று செல்லுதல் அதன் பொருள்.

சீட்டாட்டம் ஐரோப்பாவிற்கு அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வந்தது. புளோரன்சு நகரத்தார் 1377இல் அதனைக் கட்டுப்படுத்தி ஆணை பிறப்பித்தனர். அந்நாளைய சீட்டுக்கட்டு நான்கு இனங்களை மட்டுமே உடையது. அவற்றுள் ஒன்று மற்றொன்றை வெட்டும் என்னும் கருத்து அதில் இல்லை. அடுத்த நூற்றாண்டில் இத்தாலியர், நான்கினத்து 56 சீட்டுகளோடு 22 படச்சீட்டுகளைச் சேர்த்து 78 ஆக்கினர். சேர்ந்தவற்றுள் பேதை என்னும் ஒன்றொழிய எஞ்சிய 21 சீட்டுகளும் வரிசை முறையில் ஒன்றையொன்று வெல்லும். நான்கினச் சீட்டு எதனையும் வெட்டும். இவற்றிற்கே திரியோன்ஃபி என்று பெயர். ஆட்டத்திற்கும் அதுவே பெயராயிற்று. இப்பெயர் 1440இல் புளோரன்சில் சூசுத்தோ சூசுத்தி என்பார் எழுதிய நாட்குறிப்பிலும், 1442இல் பெராரா அரண்மனையின் கணக்கேடுகளிலும் காணப்படுகின்றது. பெத்திரார்க்கின் செய்யுளும் அக்காலத் திருவிழா ஊர்வலங்களுமே இச்சீட்டுகளுக்கு மூலம் என்று கெர்த்துரூடு மோக்ளி என்னும் அம்மையார் 1966இல் ஒரு நூலே எழுதினார். எல்லாப் படங்களையும் அச்செய்யுளுள் அடக்க முயல்வது அரிது. உயர்ந்தது தாழ்ந்ததை வென்று முன்செல்லும் வரிசை என்னும் கருத்தொன்றே இரண்டற்கும் பொது எனக் கொள்ளுதல் சாலும்.

இதன்பின் நிகழ்ந்ததே பெயர் வரலாற்றிற் சுவையான பகுதி. படச்சீட்டுகளை வாங்கும் வசதியற்றோரும் வெட்டும் இன்பத்தை விட மனமிலராய், நான்கினங்களுள் ஒன்றற்கே அவ்வுரிமையைக் கொடுத்து எளிய கட்டினால் ஆடலாயினர். அவ்வெளிய ஆட்டமும் திரியோன்ஃபோ என்றே பெயர் பெற்றது. ஒரு பெயர் இரண்டு ஆட்டங்களுக்கு நில்லாதன்றோ? 1505இல் பெராராவிலும் பிரெஞ்சு நாட்டு அவிஞோனிலும் மூத்த ஆட்டம் தரோக்கி, தரோ என்னும் புதுப்பெயரோடு தோன்றுகின்றது. மூத்தது பெயரை இழந்தது. இளையது அதனைக் கைக்கொண்டது. (தரோச் சீட்டுகள் எகித்திய மறைநூல் என 1781இல் கூர் த செபலேன் கட்டிவிட்ட கதையை இன்றும் நம்புவோர் உளர். எகித்தியப் பட எழுத்தைச் சாம்போலியன் படித்தறிந்ததே 1822இல்தான். அக்கதைக்கு அடிப்படை இன்மையை மைக்கேல் தம்மெட்டு 1980இல் விரிவாகக் காட்டியுள்ளார்.)

இளைய ஆட்டம் நாடுதோறும் சென்றது. ஆங்கில நாட்டில் இலாட்டிமர் என்னும் சமயச் சான்றோர் 1529இல் தம் அறவுரையிலேயே இவ்வாட்டத்தை உவமையாக எடுத்தாண்டார். எசுப்பானியத்தில் திரியுன்ஃபோ, போர்த்துகீசியத்தில் துருன்ஃபோ, ஆங்கிலத்தில் டிரம்ப், ஒல்லாந்தத்தில் துரூஃப் எனச் சொல் திரிந்தது. பின்னர், இவ்வாட்டத்தினின்று விசுட்டு முதலிய புதிய ஆட்டங்கள் கிளைத்தன. அப்போது ஆட்டத்தின் பெயர் வெட்டும் இனத்தின் பெயராகச் சுருங்கியது. முதலின் பெயர் சினைக்கு ஆகிய இந்நிலையிலேயே அது தமிழகக் கரையை அடைந்தது.

கொணர்ந்தவர் யாவர்? போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் நம் கடற்கரையில் முறையே வந்து தங்கியவர். இம்மூவர் சொற்களுள் போர்த்துகீசியமும் ஆங்கிலமும் மெல்லொலி உடையன. ஒல்லாந்தச் சொல்லில் அஃதில்லை. வேற்றுமொழிச் சொல்லின் மெல்லொலியைத் தமிழ் எளிதில் விடுவதில்லை. பலகை இருக்கையைக் குறிக்கும் பாங்கோ என்னும் போர்த்துகீசியச் சொல் வாங்கு என நின்றது காண்க. வெட்டும் இனத்தைச் சிங்களர் துரும்பு என்றே மெல்லெழுத்தோடு வழங்குகின்றனர். மெல்லொலி உடைய மூலம் எவ்வாறு திரியும் என்பதற்கு அதுவே சான்று. துரூஃப் என்பதன் ஈற்றொலி பகரமாய் இரட்டித்து, உகரம் பெற்றுத் துருப்பு ஆதல் இயல்பு. இலங்கைத் தமிழர் கோப்பி என்பதும் கோஃபி என்னும் ஒல்லாந்தச் சொல்லின் இத்தகைய திரிபே.

ஒலியளவில் நில்லாமல் இனப்பெயர்களையும் நோக்குக. ஆங்கிலேயர் கிளப்பு என்னும் இனத்தை நம்மவர் கிளாவர் என்கின்றனர். ஒல்லாந்தத்தில் அவ்வினத்தின் பெயர் கிளாவர். மூவிலைப் புல் என்பது அதன் பொருள். இதய இனத்தைத் தமிழர் ஆட்டின் எனவும், மலையாளத்தார் ஆடுதன் எனவும் வழங்குவர். ஈற்று னகரம் ஆங்கிலத்தால் விளங்காது. ஹார்த்தன் என்னும் ஒல்லாந்தப் பன்மையால் தானே விளங்கும். சிங்களத்திலோ நான்கினப் பெயர்களும் ஒல்லாந்தமே.

இந்தியில் துருப் என்று வழங்குதலின் அவ்வழியே தமிழுக்கு வந்திருத்தல் கூடாதோ என வினவலாம். வந்திருப்பின் இனப்பெயர்களும் உடன் வந்திருக்க வேண்டும். இந்தியார் ஹுகும், பான், சிடி, ஈண்ட் எனத் தம் சொற்களால் வழங்கும் இனங்களை நாம் அறியோம். மலையாளத்தார் ஒரு சீட்டைக் குலான் என்பது குலாம் என்னும் பாரசீக வழிச்சொல்லே. ஆயினும் அத்தனிச் சொல் ஏனைய பெயர்களின் சான்றை மாற்றவல்லதன்று. ஒல்லாந்தர் 1610 முதல் பழவேற்காட்டில் இருந்தனர். 1658இல் தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் ஆகியவற்றையும், 1663இல் கொச்சியையும் கைப்பற்றினர். நாகப்பட்டினம் அவரிடம் 1781 வரை இருந்தது. கோட்டைக் காவலரும் பண்டகசாலைப் பணியாளரும் நம்மவரோடு நெருங்கிப் பழகிய இவ்வூர்களையே இச்சொல் கரையேறிய துறைகளாகக் கருதுகிறேன்.

இனி முற்கூறிய இரு கருத்துகள். படைக்குரிய துருப்பு, ஆங்கிலத் துரூப்பு என்பதன் திரிபு. அதற்கும் வெற்றியுலாவிற்கும் வேரளவில் உறவில்லை. இரண்டும் தமிழில் வந்தே ஒருவடிவம் பெற்றன. துரும்பின் திரிபெனின், அச்சொல்லை அறியாத இந்தியார் துருப் என்பதற்குக் காரணங்கூறல் இயலாது. ஆட்டத்திற் செய்யும் வினைக்கோ நம்மவர் வேற்றுச்சொல்லை நாடவில்லை. வெட்டுதல் என்னும் தமிழ் வினையே போதியதாயிற்று. அகராதி தொகுப்போர் இரு துருப்புகளையும் இரு தலைச்சொற்களாகப் பிரித்தல் வேண்டும். ஆங்கிலச் சொற்பட்டியலில் மாணவர் சேர்த்துவரும் கிளாவரையும் அங்கிருந்து பெயர்த்து, கந்தோர், கக்கூசு முதலிய ஒல்லாந்தச் சொற்களின் அருகே வைத்தல் வேண்டும்.