வேளா மீனும் கொச்சிக் கழிமுகமும்

பழந்தமிழ்ப் பரதவர் தம் தெய்வத்தை வழிபட்ட முறையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. முழுமதி நாளில் அவர் கடல்மேற் செல்லார். சினையுற்ற சுறாவின் கொம்பை மனையிடத்தே நட்டு, அதில் தெய்வம் உறைவதாகக் கொண்டு வணங்குவர். சுறாவுக்குக் கொம்பு ஏது என்று நேயர்கள் வினவலாம். இரு விளிம்பிலும் பற்கள் நிறைந்த இரம்பம் போன்ற நீண்ட மூக்கையுடைய வேளா மீனையே புலவர் சுட்டினார் எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. கொச்சியில் வாழும் தமிழர்க்கு இம்மீன் ‘வாள்ஸ்ராவு’ என்ற மலையாளப் பெயரால் அறிமுகமாகியிருக்கலாம். ஸ்ராவு என்பதும் நம் சுறவு என்பதும் ஒரே சொல்லின் இரு வடிவங்களே.

ஆயினும் வேளா சுறா அன்று. திருக்கை இனத்தைச் சேர்ந்தது. சுறாவுக்குச் செவுள் பிளவுகள் பக்கத்தில் இருக்கும். வேளாவுக்கு அவை திருக்கையைப் போல அடிப்புறத்தில் உள்ளன. உலகில் ஐந்து வகை வேளாக்களே உண்டு. அவற்றுட் பெரியது இருபது அடி வரை வளரும். அதன் இரம்பம் போர்க்கருவி மட்டுமன்று. பிற உயிர்களின் உடலிலிருந்து எழும் நுண்ணிய மின்னோட்டத்தை உணரும் துளைகள் அதில் நிறைந்துள்ளன. கலங்கிய நீரில் கண்ணுக்குப் புலப்படாத இரையையும் அது அவ்வாறே கண்டுகொள்கின்றது.

கலங்கல் நீரே அதன் தொட்டில். வேளா முட்டையிடுவதில்லை, குட்டி ஈனும். தாயின் உடல் கிழிபடாதவாறு, பிறக்கும் குட்டியின் இரம்பத்தை ஒரு மெல்லிய உறை மூடியிருக்கும். சில வகைகளின் குட்டிகள் ஆற்று முகங்களிலும் உப்பங்கழிகளிலும் வளர்ந்து பின்னரே கடலை அடைகின்றன. ஆகவே கரையை நாடி வருவது பெரும்பாலும் சினையுற்ற தாயே. புலவர் ‘சினை’ என்று குறித்தது வெற்று அடைமொழியன்று என்று எனக்குத் தோன்றுகின்றது.

இனிக் கொச்சிக்கு வருவோம். 1341-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் திறந்துவிட்ட கழிமுகம் இது என்பது வரலாறு. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் இங்கு மருத்துவராய் இருந்த பிரான்சிஸ் டே, 1865-இல் மலபார் மீன்களைப் பற்றியும், 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் அனைத்தையும் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். (சென்னைக் கோட்டைக்கு அடிகோலிய டே வேறு, இவர் வேறு.) இவருடைய பெருநூலில் வேளாவுக்கும் இடம் உண்டு.

பின்னர் நிலைமை விரைந்து மாறிற்று. 1920-களில் கப்பல்களுக்காகக் கழிமுகம் ஆழப்படுத்தப்பட்டது. 1950-களுக்குப் பின் இறால் ஏற்றுமதியை முன்னிட்டு இழுவைப் படகுகள் பெருகின. பருத்தி வலையின் இடத்தை நைலான் பற்றியது. 1976-இல் தண்ணீர்முக்கம் அணை வேம்பநாட்டுக் கழியின் உப்புநீர்ப் போக்கைத் தடுத்தது. இவற்றுள் வேளாவுக்குப் பெருங்கேடு வலையே. எந்த வலையிலும் இரம்பப் பற்கள் எளிதிற் சிக்கும். சிக்கினால் மீள்வது அரிது. துடுப்புக்கும் இரம்பத்துக்கும் கிடைத்த பெருவிலை எஞ்சியதையும் குறைத்தது. பத்தாண்டளவில் பருவமெய்தி, சில குட்டிகளையே ஈனும் உயிர் இத்தகைய இழப்பை ஈடு செய்வது எங்ஙனம்?

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் 2001-இல் வேளா சேர்க்கப்பட்டது. ஆயினும் 2021 மார்ச்சில், கொச்சிக்கு வடக்கே கருநாடகத்தின் மால்பேத் துறையில், ஏறத்தாழ 250 கிலோ எடையுள்ள வேளா ஒன்று கரையேறி ஏலத்தில் விலைபோயிற்றென ஏடுகள் எழுதின. மீனவரை மட்டும் குறைகூறல் நேர்மையன்று. மீனை உயிருடன் விட வேண்டுமாயின் வலையை அறுக்க வேண்டும். அவ்வலையோ கடன்பட்டு வாங்கியது.

மீள வழி உண்டு என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா சான்று. அங்கே 1995-இல் கரையோர வலைகளுக்குத் தடை வந்தது. 2003-இல் வேளாவுக்குச் சட்டக் காப்புக் கிடைத்தது. அதன்பின் குட்டிகள் கழிமுகங்களில் மீண்டும் காணப்பட்டன. வலையின் விலைக்கு விடை நம் நாட்டிலேயே உள்ளது. காக்கப்பட்ட கடலுயிரை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு மகாராட்டிர அரசு 2018 முதல் 25,000 ரூபாய் வரை ஈடு வழங்கத் தொடங்கியது.