காப்பாளர்

‘கா’ என்ற ஓரெழுத்து வினையில் பிறந்தது காப்பு; அதை ஆள்பவர் காப்பாளர். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவார் என நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ வராமல் குளியாட்கள் நீரில் இறங்கத் தயங்கினார்கள். அந்தக் காப்பு குளிப்பு முடியும்வரை. சட்டம் சொல்லும் காப்பு ஆயுளுக்கு.

“எனக்குப் பொறவு இவன யாரு பாப்பா?” என்று தவிக்கும் தாய்க்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி சொல்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது அது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால் பெற்றவர்களும் மனுப்போட்டுத்தான் சட்டக் காப்பாளர் ஆக முடியும். ஆணை தருவது ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு. தூத்துக்குடியில் கோரம்பள்ளம் ஆட்சியரகத்தில் விசாரிக்கலாம்.

காப்பாளர் சொத்துக்கு உடையவர் அல்லர். ஆணை கிடைத்த 6 மாதத்தில் சொத்துப் பட்டியல், பிறகு ஆண்டுதோறும் வரவுசெலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் நழுவுகிற உறவினர் நழுவட்டும், நல்லதே.

1999 சட்டத்தின் ‘காப்பாளர்’ மனநோய்க்குப் பொருந்தாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வருபவர் ‘நியமனப் பிரதிநிதி’. அவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நோயாளியே தேர்ந்துகொள்ளலாம்.