தக்களியும் பனுவலும்

சேலம், நாமக்கல் சமவெளியில் இளம்பிள்ளை, இராசிபுரம் எனத் தறியோசை கேட்கும் ஊர்கள் பல. நெசவைப் போற்றுவோர் மிகுதி. அதற்கு முற்பட்ட நூற்பினை எண்ணுவோர் சிலரே. இழையின்றித் தறி ஏது?

பழந்துணி நம் மண்ணில் எளிதில் நிலைப்பதில்லை. வெப்பமும் ஈரமும் கறையானும் அதனை அழித்துவிடும். எனவே தொல்மாந்தரின் ஆடையை அறிய, பெரும்பாலும் அதனை ஆக்கிய கருவியையே நாட வேண்டியுள்ளது. இச்சமவெளிக்கு மேற்கே, காவிரிக்கு அப்பால், நொய்யற்கரையில் உள்ளது கொடுமணல். பெருங்கற்காலத்தினின்று சங்ககாலம் வரை நீண்ட வாழ்விடம் அது. அங்கு 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வுகளில் சுடுமண் தக்களி வட்டுகள் கிடைத்தன. நடுத்துளையில் இரும்புக் கம்பி கோத்த வட்டும் அவற்றுள் உண்டு.

இவ்வட்டு சிறிதெனினும் இதன் பணி நுட்பமானது. எருக்கு முதலியவற்றின் பட்டைநார் நீளமானது. தொடைமேல் வைத்து உருட்டினாலே கயிறாகிவிடும். பருத்தியோ குறு இழை. விரல்கள் பஞ்சினைச் சிறிது சிறிதாக இழுக்க, அதே வேளையில் முறுக்கும் ஏறிக்கொண்டிருத்தல் வேண்டும். கம்பியின் சுழற்சி தளராமல் காப்பது வட்டின் எடையே. எடை மிகுந்தால் மெல்லிழை அறும். குறைந்தால் சுழற்சி விரைவில் ஓயும். இவ்வளவைக் கணக்கிட்டவர் தொல்மாந்தர்.

பெண்டிர் நூற்றதைப் புறநானூறு அறியும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றியதாகக் கொள்ளப்படும் நன்னூலோ, சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் அறிவைக் கதிராகவும் உருவகிக்கிறது. புலவனைப் புகழ இலக்கண நூல் ஒரு பெண்ணின் கைத்தொழிலைத் தேடிச் சென்றது! உரை சொல்வோர் உவமையை விளக்குவர். அத்தொழிலை விளக்குவோர் அரியர்.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமம், வறட்சியால் வாடிய சிற்றூர்ப் பெண்டிர்க்குப் பஞ்சளித்து, அவர்கள் நூற்ற நூலைப் பெற்றுக் கூலி வழங்கியது. அவர்கள் சுழற்றியது இராட்டை. எனினும் இழுப்பையும் முறுக்கையும் இணைக்கும் விரலறிவு தொன்மையானதே. அருங்காட்சியகப் பேழை அவ்வறிவைத் தராது. நூற்கத் தெரிந்த கைகள் எஞ்சியுள்ளபோதே, கொடுமணல் வட்டின் எடைக்கு ஒத்த வட்டுகளைச் சுட்டு அவர்களிடம் அளித்து நூற்கச் செய்தல் வேண்டும். எவ்வெடை எவ்விழை தரும் என்பது அப்போதே தெளிவாகும்.