வாரச்சந்தையில் யாருக்கு இடம்?

1912ஆம் ஆண்டு திருவிதாங்கூரின் நெடுமங்காடு சந்தைக்குள் அய்யன்காளி தம் மக்களைத் திரட்டிக்கொண்டு நுழைந்தார். அதுவரை புலையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் விளைபொருளோடு சந்தைக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருந்தது. நுழைவை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தனர், மோதல் மூண்டது. அந்நாட்டில் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியானது 1936இல்தான். சந்தைக்கான சண்டை அதற்கு 24 ஆண்டுகள் முந்தியது. ஆயினும் கோயிலை நினைவில் வைத்திருக்கும் நாம் சந்தையை ஏனோ மறந்துவிடுகிறோம்.

சந்தை ஏன் அத்தனை முதன்மையானது? நிலமும் மளிகைக் கடையும் வட்டிப் பணமும் ஒரே சாதியின் கையில் இருக்கும் ஊரில், சேரிக் குடும்பம் உப்பு வாங்குவதற்கும் அவர்களின் தயவை நாட வேண்டும். கூலி உயர்வு கேட்டால் கடையில் கடன் நிற்கும். மீறினால் அரிசியே கிடைக்காது. வாரத்துக்கு ஒருநாள் கூடும் சந்தையோ பல ஊர்களுக்குப் பொதுவானது. அங்கே கையில் காசிருந்தால் போதும். வாங்குபவர் எந்தத் தெருவென்று வெளியூர் வியாபாரி கேட்பதில்லை. ஊர்விலக்கம் செய்யப்பட்ட குடும்பங்களுக்குச் சந்தை நாள்தான் அடுப்பெரியும் வழி.

விற்பவராக நாம் போகும்போது நிலைமை மாறுகிறது. துடைப்பம், கோரைப்பாய், கூடை, கருவாடு ஆகியவற்றை நம் கையிலிருந்து வாங்குவோர், சமைத்த பண்டத்தை வாங்கத் தயங்குகிறார்கள். மர நிழலும் நுழைவாயிலும் முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்கும். நமது தரைக்கடைக்கு வெயிலும் சாக்கடையோரமும் மிஞ்சும்.

தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலைபேசும் மாட்டுச் சந்தைகளை வியந்து எழுதுவோர் பலர். சுங்கச் சீட்டைப் பற்றி எழுதுவோர் அரிது. ஊராட்சிச் சந்தைகளில் சுங்கம் வசூலிக்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுகிறது. ஏலம் கேட்க முன்பணம் வேண்டும். ஊர்ச் செல்வாக்கும் வேண்டும். யார் எங்கே அமர்வது என்பதையும் நடைமுறையில் குத்தகைதாரரே முடிவு செய்கிறார். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் அவர் கேட்டாலும் கீரைக்கட்டு விற்கும் பெண் எதிர்த்துப் பேசுவது எளிதன்று. அடுத்த வாரம் இடம் வேண்டுமே!

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகள் இருக்க வேண்டும் என்கிறது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய பிரதிநிதித்துவம் உண்டு. ஆனால் அச்சட்டம் நகரங்களோடு நின்றுவிட்டது. ஊராட்சிச் சந்தையில் அமர்பவருக்கு விற்பனைச் சான்றிதழும் இல்லை, குழுவும் இல்லை.

அவருக்குக் கைகொடுக்கக்கூடியது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தொழிலோ வணிகமோ செய்வதைத் தடுப்பதும், அவர்கள்மீது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை ஏவுவதும் குற்றங்கள். சிக்கல் மெய்ப்பிப்பதில் இருக்கிறது. "உள்ளே வராதே" என்று இன்று எவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. "அந்த இடம் வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று" என்கிறார்கள். எனவே சுங்கச் சீட்டுகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வைப்பது தேவையாகிறது. ஏல ஆவணங்களையும் கட்டண விகிதத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஊராட்சியிடம் கேட்டுப் பெறலாம்.